மாற்கு எழுதாத நோன்பு

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களான தபசுக் காலம் தொடங்கி இரண்டாம் வாரத்திலேயே சுவக்கீன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். ஒன்று மாட்டுக்கறி சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மதம் மாற வேண்டும். மதம் மாறினால் மனைவி கஞ்சிகூட ஊற்றமாட்டாள். ஆகவே மாட்டுக்கறிதான்.

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் அவனுடையது. மலைப்பாதையில் எதிரே லாரி வந்தாலும் ஒதுங்காத ஆள். வீட்டுக்குள் மனைவி சவேரியம்மா எதிரே வந்தால் மட்டும் சுவரோடு சுவராக ஒதுங்குவான். சாம்பல் புதனன்றே அவள் சொல்லிவிட்டாள்: ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டில் கறி, மீன், முட்டை கிடையாது. முட்டை என்ன பாவம் செய்தது என்று கேட்டுப் பார்த்தான். "நீங்க செஞ்சதுக்குத்தான்" என்றாள். அன்றைக்குக் கப்பைக் கிழங்கும் பயறும். மறுநாள், மாறுதல் வேண்டுமே என்று, பயறும் கப்பைக் கிழங்கும்.

வேலை முடிந்து ஆட்கள் வரும்வரை தோட்டத்து வாசலில் ஜீப்பில் சாய்ந்து உட்கார்ந்து போன் பார்ப்பது அவன் வழக்கம். அந்தச் சனிக்கிழமை, சாப்பிடத்தான் வழியில்லை, கண்ணாலாவது பார்ப்போம் என்று பீஃப் வறுவல் தேடினான். விரல் எங்கெங்கோ வழுக்கி, கடைசியில் ஒரு பைபிள் பேராசிரியரிடம் போய் நின்றது. தள்ளிவிடப் போனவன், நோன்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பேராசிரியர் சொன்னது இதுதான். ஒருவனைப் பிடித்த பேயைச் சீடர்களால் விரட்ட முடியவில்லை. இயேசு விரட்டுகிறார். இந்த வகைப் பேய் வேண்டுதலாலும் நோன்பாலும்தான் போகும் என்கிறார். மாற்கு நற்செய்தியில் அப்படித்தான் பலரும் படித்து வந்திருக்கிறார்கள். ஆனால் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் வேண்டுதல் மட்டுமே இருக்கிறது. நோன்பு இல்லை. அதைப் பின்னால் படியெடுத்தவர்கள் சேர்த்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முதலிலேயே இருந்தது, இடையில் விட்டுப்போனது என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

கடைசி வாக்கியம் சுவக்கீன் காதில் ஏறவேயில்லை. திரும்பும் வழியில் இறைச்சிக்கடையில் ஜீப்பை நிறுத்தினான். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

"கையில என்ன?"

"ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியில ரத்தம் ஒழுகுது."

"இந்தா புள்ள, மொதல்ல கேளு. பேயி வேண்டுதலாலயும் நோன்பாலயும்தான் போகும்னு பைபிள்ல வருதுல்ல, அந்த நோன்பு மாற்கு எழுதுனதே இல்ல. எவனோ பின்னால சேத்தது."

"எவன்?"

"மடத்துச் சாமியாரு. பட்டினி கெடந்துக்கிட்டே படியெடுத்திருக்கான். வேண்டுதல்னு எழுதுனதும் கை தன்னால நோன்புன்னும் எழுதிருச்சு."

"பக்கத்துல இருந்து பாத்தீகளா?"

"பழைய படியில இல்லையே!"

"எழுதுனவன் பசியில விட்டிருக்கலாம்ல? அடுப்புல கறிச்சட்டி கொதிச்சா எவன் நோன்புன்னு எழுதுவான்? உங்கள மாதிரி ஒருத்தன் அப்பயும் இருந்திருப்பான்."

சுவக்கீன் பையை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டான். ஆனாலும் விடவில்லை.

"அப்படியில்ல புள்ள. படியெடுக்குறவன் பொதுவா கூட்டுவானே தவிர கொறைக்க மாட்டான். சின்னதா இருக்கறதுதான் பழசு. அறிஞருங்க வச்சிருக்குற கணக்கு அது, போன்ல ஒரு பேராசிரியரே சொன்னாரு."

"ஓ. உங்க ஜீப்புல மோதுன காட்டுப்பன்னி போன வருசம் யானையாச்சே, அது மாதிரியா?"

"அதேதான்!" என்றான் உற்சாகத்தில். சொன்ன பிறகுதான் உறைத்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு லிஜி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். கோட்டயத்துப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் வீட்டிலும் நோன்புதான்.

"எந்தா சேச்சி, வழக்கா?"

"எங்க வீட்டுக்காரரு பைபிளத் திருத்துறாரு."

"நானா திருத்துறேன்? திருத்துனதக் கண்டுபிடிச்சிருக்கேன்!" என்று சுவக்கீன் விஷயத்தை அவளுக்கும் விளக்கினான். கேட்கக் கேட்க லிஜியின் முகத்தில் பெருநாள் வெளிச்சம் வந்தது.

"அப்போ நோம்பு வேண்டாமா சேட்டா?"

"வேண்டாம்!"

சவேரியம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்தால் பயப்பட வேண்டும் என்பது சுவக்கீனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கறி ஞாபகத்தில் மறந்துவிட்டான்.

"சரி, நோன்பு போச்சு. வேண்டுதல்?"

"அது எல்லாப் படியிலயும் உண்டு."

"அதுல ஒருத்தருக்கும் சந்தேகமில்லையே?"

"துளிகூட இல்ல."

"லிஜி, நீ சாட்சி" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

கல்யாணமான நாளிலிருந்து சுவக்கீன் ஜெயித்த முதல் வழக்கு. குளித்து, தலைசீவி, வேட்டி மாற்றி, கல்யாண மாப்பிள்ளை கணக்காக உட்கார்ந்தான். தேங்காய்க்கீற்றும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்து வதங்கும் வாசனை வீட்டை நிறைத்தது. நாக்கில் ஊறியதை விழுங்கவே நேரம் போதவில்லை. சவேரியம்மா வந்தாள். கையில் தட்டு இல்லை, ஜெபமாலை இருந்தது.

"எந்திரிங்க. மாதா படத்துக்கு முன்னாடி முட்டி போடுங்க."

"எதுக்கு?"

"பேயி வேண்டுதலாலதான் போகும்னு நீங்கதான சொன்னீக?"

"எனக்கு எங்க பேயி?"

"ராத்திரி தூக்கத்துல பீஃப், பீஃப்னு பொலம்புறது யாரு? பாதர் பிரசங்கம் வைக்கையில எந்த வீட்டுல கறி வேகுதுன்னு மோப்பம் பிடிச்சது யாரு? அது போற வரைக்கும் ஜெபிங்க. வேண்டுதலயும் எவனோ சேத்தான்னா சொல்லுங்க, விட்டுர்றேன்."

சொல்ல முடியாது. சாட்சி இருக்கிறது.

சுவக்கீன் முட்டி போட்டான். உதடு ஜெபித்தது, மூக்கு சமையலறையில் இருந்தது. ஒரு மாலை முடிந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போயிருச்சா?"

"இல்ல" என்றான் உண்மையாக.

"அப்ப பலமான பேயி. இன்னொரு மாலை சொல்லுங்க."

இரண்டாவது மாலை முடிவதற்குள் முட்டி கழன்றுவிடும்போல இருந்தது. உள்ளே கரண்டிச் சத்தம் வேறு. உண்மை பேசினால் விடியும்வரை இங்கேயேதான் என்பது புரிந்தது.

"போயிருச்சு புள்ள! சுத்தமா போயிருச்சு!"

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா! கறி மேல துளி ஆசையில்ல!"

"மாதாவே, ஸ்தோத்திரம். அப்ப இனி உங்களுக்குக் கறி எதுக்கு?"

சுவக்கீன் நொண்டிக்கொண்டு ஓடினான். சமையலறையில் சவேரியம்மாவும் லிஜியும் எதிரெதிரே உட்கார்ந்து சட்டியை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவி! நீ மட்டும் தின்னலாமா? தபசு காலம்டி!"

"நோன்புதான் எவனோ சேத்ததாச்சே. பேயும் எனக்கு இல்ல."

"சேட்டா, ஆராய்ச்சி கொள்ளாம், நல்ல ருசி" என்றாள் லிஜி, எலும்பை உறிஞ்சியபடி.

சவேரியம்மா கை கழுவி வந்து அவனுக்கு ஒரு தட்டில் பயறு போட்டு வைத்தாள். பிறகு அவன் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து, பிரியமாகத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டு அந்தப் பேராசிரியரு மீனப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காரான்னு பாருங்க."