சங்கிலி போட்ட கேமரா

எங்கும் எடுத்துச் செல்லத்தக்க, சிறிய, உயர்தரக் கேமரா ஒன்று சாலைப் பராமரிப்பு அலுவலகத்துக்கு இன்றியமையாதது என்று மேலிடம் தீர்மானித்ததற்குக் காரணம், முகத்துவாரக்குப்பத்து நீலாவின் மீன்பாடி வண்டி. ஏலத்தில் எடுத்த மீனோடு அவள் தெருமுனை திரும்பினால் அங்கே ஒரு பள்ளம். குறை சொல்ல முடியாத பள்ளம். தினமும் சக்கரம் இறங்கும், சங்கரா மீன் ஐஸோடு ரோட்டில் உருளும். மண் ஒட்டின மீனை எந்தப் புண்ணியவதி வாங்குவாள்? போன மாசம் அச்சே முறிந்தது. இன்னொரு தரம் முறிந்தால் வியாபாரத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பள்ளத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். உதவிப் பொறியாளர் அறிவு அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பள்ளம் தெரிகிறதாம், தரம் போதவில்லையாம். போன் படத்துக்கு அலுவல்பூர்வ அந்தஸ்து கிடையாதாம்.

"பள்ளத்துக்கு அந்தஸ்து கீதுங்களா சார்?" என்றாள் நீலா.

அதற்குத்தான் கேமரா வருகிறது என்றார். குழு போட்டார்கள். குழு கூடிக்கூடி போண்டா தின்றது. கழுத்தில் மாட்டுகிற கேமரா பார்த்தார்கள், கல்யாண வீட்டு ஆள் மாதிரி இருக்கும் என்று தள்ளினார்கள். அறிவின் மச்சான் யூடியூபில் பார்த்து, இப்போது இதுதான் ஃபேஷன் என்று ஒன்றைச் சொன்னான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மீன் செதிலைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். ஏகமனதாகத் தேர்வாயிற்று.

வாங்கி வந்த பிறகுதான் கண்காணிப்பாளர் தேவகிருபை கேட்டார், இத்தனூண்டு பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு என்று. நியாயமான கேள்வி. கவுன்டரில் பேனாவைக் கட்டின பழக்கத்தில் கேமராவையும் மேசைக் காலோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள்.

"எங்க வேணாலும் எத்துகினு போலாம்னுதானே வாங்குனீங்க?" என்று கேட்டாள் நீலா.

"தாராளமா போகலாம்மா. மேசையோட" என்றார் தேவகிருபை.

மேசையை ஏற்ற லாரிக்கு அனுமதி இல்லை. கேமரா பள்ளத்திடம் போக முடியாத நிலையில், பள்ளம் கேமராவிடம் வருவதே முறை என்று அறிவு கண்டுபிடித்தார். அலுவலக வாசலில், சங்கிலி எட்டும் தூரத்தில், நீலா கையால் காட்டிய ஆழத்துக்கு ஒன்று தோண்டினார்கள். தத்ரூபம் என்றால் தத்ரூபம். படம் வந்தால்தான் வேலை நடக்கும் என்றதால் அவளும் தலை வாரி, பூ வைத்து வந்து, வண்டியை அதில் இறக்கி நின்றாள். ஒரு படம். பிறகு ஜல்லி கொட்டி, தார் ஊற்றி மூடி, அதன்மேல் அவளைச் சிரிக்கச் சொல்லி இன்னொரு படம். பணி இனிதே நிறைவுற்றது.

மறுநாள் தெருமுனைப் பள்ளத்தில் வண்டி இறங்கி அச்சு படாரென்று முறிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று நீலா கிளம்பினாள். தெருவே பின்னால் போயிற்று.

அறிவு அசரவில்லை. "மூடின பள்ளத்துல எப்படிம்மா விழுவீங்க?" என்று சுவரைக் காட்டினார்.

அங்கே பெரிதாக்கி மாட்டியிருந்த நீலா சிரித்தாள். மூக்குத்திக் கல் மின்னியது, பூவில் ஒட்டின தண்ணீர்கூடத் தெரிந்தது. கல்யாணத்தில்கூட யாரும் அவளை இப்படி எடுத்ததில்லை. வந்த ஆத்திரம் எங்கே போயிற்றோ, அந்தக் கடலுக்கே வெளிச்சம்.

"சார், இதுல ஒரு காப்பி கெடைக்குமா?" என்றாள்.

முறிந்த வண்டி இன்னும் பள்ளத்தில்தான் கிடக்கிறது. விடிந்ததும் அலுவலக வாசலில் வரிசை. ஊரே பவுடர் பூசி, பட்டு கட்டி, அவரவர் தெருப் பள்ளத்துக்காக வந்து நின்றது. கடப்பாரையையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்.