எதிர்க்கடையில் போய் ஊது

மூன்றாவது தயிர்சாதப் பொட்டலமும் மடியில் வந்து விழுந்தபோதுதான், இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று பூவரசனுக்கு உறைத்தது.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் காலை ஏழு மணியிலிருந்து மவுத் ஆர்கன் ஊதுகிறான். முன்னால் விரித்த துண்டில் ஒரு ரூபாய்கூட விழவில்லை.

"மாமி, சாதம் போதும். சில்லறையா ஏதாவது..."

"ரங்கா, ரங்கா!" கமலவல்லி மாமி காதைப் பொத்திக்கொண்டாள். "பெருமாள் வீதியில உக்காந்து கைங்கர்யம் பண்றே. அதுக்குக் காசு குடுத்தா அபசாரம்டா கொழந்தே. இந்தா, ஊறுகா."

பூவரசன் கல்லூரியில் இரண்டாம் வருடம். இன்று மாலை நான்கு மணிக்குள் பரீட்சைக் கட்டணம் ஆயிரத்து நானூற்றைம்பது கட்டாவிட்டால் இந்த செமஸ்டர் எழுத முடியாது. லால்குடியில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் அப்பா போன மாதமே அனுப்பிவிட்டார். அந்தப் பணம் இப்போது போனுக்குப் புதுத் திரையாகப் பளபளத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி கேட்டால் அப்பா திட்டமாட்டார். எங்கேயாவது கைமாற்று வாங்கி அனுப்பிவிடுவார். கேட்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போனான். அங்கே கைங்கர்யம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் அந்த நிலையத்திலேயே இவன் ஒருவன்தான் என்பதை மட்டும் சனங்கள் கவனித்துவிட்டார்கள்.

"தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்க. டிக்கெட் விசாரிச்சுட்டு வந்துடறேன்."

ஒரு மணி நேரத்தில் ஆறு பைகளுக்கும் ஒரு பலாப்பழத்துக்கும் காவலாளி ஆனான். கூலி, ஏழு "நல்லா இருப்பே".

தீபாவளிக்குப் பத்து நாள்தான். கையில் காசு வைத்திருக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்தான். மலைக்கோட்டைப் பக்கம் கடைவீதிக்குள் நுழைந்தான். பெரிய வீதியில் துண்டு விரிப்பது இருக்கட்டும், கால் வைக்கவே இடமில்லை. பக்கத்துச் சந்தில் எதிரெதிராக இரண்டு சின்ன ஜவுளிக் கடைகள் வெறிச்சென்று இருந்தன. இடப்பக்கக் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டு ஊதினான்.

"டேய், டேய்! நிறுத்து!" கல்லாவிலிருந்து கடைக்காரர் பெரியண்ணன் எழுந்து வந்தார். "இன்னும் போணியே ஆகல. வாசல்ல நீ துண்டை விரிச்சா எவன் உள்ள வருவான்?"

"ஏதாவது குடுத்தீங்கன்னா போயிடறேண்ணே."

"போணி ஆகாம கல்லாவுலேந்து காசு எடுக்க மாட்டேன். ஒண்ணு பண்ணு. நீயே போணி பண்ணு."

இருபது ரூபாய்க்குக் கைக்குட்டை ஒன்று பூவரசன் தலையில் கட்டப்பட்டது. அந்த இருபதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுவிட்டு, பெரியண்ணன் ஐம்பதை எடுத்து நீட்டினார்.

"எதிர்க்கடை ரத்தினவேல் இருக்கானே, அவன் வாசல்ல போய் ஊது. நல்லா மூச்சுப் பிடிச்சு ஊது."

முப்பது ரூபாய் லாபம். இத்தனை நேரம் ஊதியதற்குக் கிடைக்காதது, இடம் மாற்றி ஊதுவதற்குக் கிடைத்தது. பூவரசனின் மூளையில் ஏதோ ஒரு கடை திறந்தது.

எதிர்வாசலில் அரைப் பாட்டு முடிவதற்குள் ரத்தினவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யாரு அனுப்பினா?"

"அவருதாண்ணே. அம்பது குடுத்தாரு."

"அம்பதா? இந்தா நூறு. அவன் காதுலயே போய் ஊது!"

அப்புறம் நடந்தது சந்து முழுக்கத் தெரிந்த கதை. இவர் நூற்றைம்பது என்றார், அவர் இருநூறு என்றார். "திருட்டுப் பய!" என்று இங்கிருந்து ஒரு குரல். "சாயம் போற சேலைக்காரன்!" என்று அங்கிருந்து பதில். பெரிய வீதியில் போய்க்கொண்டிருந்தவர்கள் சண்டை என்றதும் சந்துக்குள் திரும்பினார்கள். இலவசமாகச் சண்டை பார்க்கக் கிடைத்தால் திருச்சிக்காரர்களுக்கு அவசர வேலை எதுவும் இருப்பதில்லை.

"சாயம் போகுமா? உள்ள வந்து தண்ணியில முக்கிப் பாருங்கம்மா! பத்து பர்சன்ட் தள்ளியே தரேன்!"

"நான் பதினஞ்சு! வாங்க இந்தப் பக்கம்!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடைக்குள்ளும் புகுந்தது. வாசலில் ஆள் குறையும்போதெல்லாம் யாராவது ஒருவர் மறுபடி திட்ட ஆரம்பிப்பார். பூவரசனும் தேறிவிட்டான். நடுத்தெருவில் நின்றுகொண்டு, "அண்ணே, அவரு முன்னூறு சொல்றாரு. நீங்க?" என்று பேரமே பேசினான். தன் வாய்ச்சாமர்த்தியத்தில் அவனுக்கே ஒரு மரியாதை வந்திருந்தது.

மூன்று மணிக்குப் பையில் ஆயிரத்து ஐநூறு. மூன்றே முக்காலுக்குக் கல்லூரி ஆபீசில் ரசீது.

ரசீதைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தபோது மனசு சும்மா இருக்கவில்லை. காலையில் துண்டை விரித்தபோது, லால்குடி ஆள் யாராவது பார்த்து அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று குனிந்தே ஊதினான். அது பிச்சை என்று நினைத்துக் கூசினான். மத்தியானம் துண்டே இல்லை, கூச்சமும் இல்லை. ஆனால் ஊதிச் சம்பாதித்தது எவ்வளவு? எதிரும் புதிருமாக உட்கார்ந்து வியாபாரம் பண்ணுகிற இரண்டு பேரை மூட்டிவிட்டுச் சம்பாதித்ததுதான் முழுக்க. நாளைக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி விழிப்பார்கள்? அப்பா இதற்குத்தான் கூசுவார்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பவும் அந்தச் சந்துக்குப் போனான். இரண்டு கடையிலும் இன்னும் கூட்டம் குறையவில்லை. உள்ளே போகக் கால் வரவில்லை. சந்து முனையில் டீக்கடை போட்டிருக்கும் செல்லக்கிளி காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள். அவளிடம் போய் நின்றான்.

"அக்கா, எனக்காக அவங்க ரெண்டு பேருக்கிட்டயும் பேசுவீங்களா?"

"என்னன்னு?"

"என்னாலதான் அவங்களுக்குள்ள இவ்வளவு பகை. ரெண்டு பேருக்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும். கொஞ்சம் கொஞ்சமா பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்."

செல்லக்கிளி ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அட போ தம்பி! போன தீபாவளிக்குச் சந்துல கூட்டம் சேக்க அண்ணனும் தம்பியும் செண்டை மேளத்துக்குப் பன்னெண்டாயிரம் அழுதாங்க. இந்த வருசம் ஒருத்தன் ஆயிரத்தி ஐநூறுக்கே சிக்கினான்னு, நீ போனதும் அவங்கம்மா குடுத்தனுப்பின ஒரே கேரியர்ல சாப்புட்டுக்கிட்டு அப்புடிச் சிரிச்சாங்க!"