மூன்றாம் பாகம் வந்த பிறகு உன் அத்தான்

பேரூர்க்கடை,
திருவனந்தபுரம்.
12 அக்டோபர் 2004

அன்புள்ள தம்பி ஜெயனுக்கு,

அக்கா ராகேல் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே இருவரும் சுகம் என்று தொடங்குவது நம் வீட்டு வழக்கம். நான் சுகம். உன் அத்தானைப் பற்றி அப்படி உறுதியாக எழுத முடியவில்லை. இந்த நிமிஷம் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. நீயும் பிஜியும் பிள்ளைகளும் பெங்களூர்க் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் நீ அனுப்பிய அந்தக் கம்ப்யூட்டர் திருடன் விளையாட்டுச் சி.டி. பற்றியது. முதல் இரண்டு பாகங்கள் வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் பொன்முடி எஸ்டேட் ஆபீஸில் காலமெல்லாம் கணக்கு எழுதியவர், இந்த மலைச்சரிவில் நின்று எதிர்ச் சரிவிலுள்ள தொழிலாளர் லயத்துக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர், ஓய்வுபெற்று வந்தவருக்கு ஏதோ ஒரு பொழுதுபோக்கு வேண்டுமே என்று விட்டுவிட்டேன். விளையாட்டும் சாதுவாகத்தான் இருந்தது. ஒரு கோட்டை, ஒரு திருடன், சில காவல்காரர்கள். திருடன் பானையை உடைத்தாலும் காவல்காரன் வந்து எட்டிப் பார்ப்பான், ஏதோ முனகுவான், வந்த வழியே போய்விடுவான். "இவனுக்கெல்லாம் எவன்டே சம்பளம் குடுக்கான்!" என்று அத்தான் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சிரிப்பார். பிறகு நீ மூன்றாம் பாகத்தை அனுப்பினாய். அதில் காவல்காரர்களுக்கு ஞாபகசக்தி கொடுத்துவிட்டார்கள். அணைந்திருக்கும் விளக்கைக் கண்டால் ஒருவன் நின்று யோசிக்கிறான். சாத்தியிருந்த கதவு திறந்திருந்தால் இன்னொருவனைக் கூப்பிடுகிறான். கல்தரையில் காலடிக்கு ஒரு சத்தம், பலகையில் வேறொரு சத்தம். திருடனின் நிழலே அவனுக்கு முன்னால் போய் விழுந்து அவனைக் காட்டிக்கொடுக்கிறது. கல்லூரியில் பௌதிகம் நடத்துகிற எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிழல் விழ வேண்டிய இடத்தில்தான் விழுகிறது. ஆனால் அத்தான் திரும்பத் திரும்பப் பிடிபட்டார். "பழைய ஆளுவ பாவம், மறந்திருவானுவ. இவனுவ பாக்குத பார்வையே வேற, ராகேலு" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் சிரித்து நான் கேட்கவில்லை.

முதலில் செருப்புச் சத்தம் போயிற்று. பிறகு குரல் போயிற்று. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன், நிமிர்ந்தால் அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பார், எப்போது வந்தார் என்று அலமாரிக்கும் தெரியாது. அடுக்களைக்குப் போகும் வழியில் இருந்த பல்பைக் காணோம். கேட்டால், "எரிஞ்சு போச்சு" என்றார். அது அரிசிப் பானைக்குள் கிடந்தது, மாட்டிப் பார்த்தால் எரிகிறது. மறுநாள் மீண்டும் பானைக்குள் போய்விட்டது. இவற்றையெல்லாம் நான் பொறுத்திருப்பேன், ஆனால் கருப்பட்டி குறையத் தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து சொர்ணம்மாள் மதினி அனுப்பியது, என் காப்பிக்காக வைத்திருப்பது. அத்தானுக்குச் சர்க்கரை உண்டு என்பது உனக்குத் தெரியும். இடது கால் விரல்கள் மரத்துவருகின்றன, இனி இனிப்பைத் தொட்டால் அந்தக் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் நேராகவே கேட்டேன்.

"கருப்பட்டி எங்க போகுது?"

"எங்கிட்ட ஏன் கேக்க?"

"வீட்டுல இருக்கது ரெண்டு பேரு."

"ஆமா, ரெண்டு பேருதான்" என்றார். மூன்றாம் பாகத்துக் காவல்காரன் அணைந்த விளக்கைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் இங்கே பவர் கட். கம்ப்யூட்டர் ஓடாத நேரம் என்பதால் குடும்ப ஜெபத்தை அதற்கு மாற்றியிருக்கிறோம். அத்தான் ஜெபிப்பார், நான் கண்ணை மூடியிருப்பேன். எனக்கு விசுவாசம் குறைவுதான், ஆனால் கல்லூரியிலிருந்து வந்த அலுப்பில் கண் மூடுவதில் மட்டும் குறை வைப்பதில்லை. போன வியாழக்கிழமை, அவர் நம் சபையார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார், நடுவில் குரல் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். ஏற்றிவைத்திருந்த மெழுகுவத்தியைக் காணோம், ஒரே இருட்டு. அவருடைய நாற்காலியைத் தடவினேன், கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கருப்பட்டி வாசனை மட்டும் மூக்கின் அருகில் இருந்தது. என் விரல்கள் பிசுபிசுத்தன, மெழுகு என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் பிடரிக்குப் பின்னால், மூச்சுப் படுகிற தூரத்தில், "ஆமென்" என்று மெதுவாக ஒரு குரல். பௌதிக ஆசிரியை அலறக் கூடாது. அலறினேன். ஒரு கை என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தது. நான் எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை, பயத்தில் எழுந்திருப்பேன். கரண்ட் வந்தபோது அத்தான் தன் நாற்காலியில் வேதப்புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு விஜயம் மதிலருகே என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேச்சு பாதி மலையாளம். "டீச்சரே, இன்னலெ சாயங்காலம் பவர் கட்டுல உங்க அடுக்களையில யாரு?"

"யாரும் இல்லியே. நாங்க ஜெபத்துல இருந்தோம்."

"ஐயோ, நான் கண்டதாணு! டார்ச்சு அடிச்சேன், ஜன்னல் வழியா ரெண்டாளு. ஒராள் முன்ன, ஒராள் பின்ன. பேரு சொல்லி விளிச்சேன், ரெண்டு பேரும் வாயத் தொறந்து மிண்டியில்ல. ஸாரு ஒரு மாதிரி கையைக் காட்டி, சத்தம் போடாதன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

ஒருவர் அத்தான், சரி. நானோ நாற்காலியில் இருந்தேன். அப்படியானால் இரண்டாவது ஆள் யார்? பேய் பிசாசை நான் நம்புவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் சுவரை ஒட்டித்தான் நடக்கிறேன். தயவுசெய்து அடுத்த வாரமே வந்து, அந்தச் சி.டி.யையும் முடிந்தால் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போ. இல்லாவிட்டால் உன் அத்தானுக்குக் கால் இருக்காது, எனக்குப் புத்தி இருக்காது. நாளை அவரை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். காகிதத்தில் எண் வந்துவிட்டால் அவர் எந்த இருட்டில் ஒளிவார் என்று பார்க்கிறேன்.

உன் வாசற்படியையும் பிள்ளைகளின் படிப்பையும் கர்த்தர் கண்காணிக்கட்டும். பிஜிக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
ராகேல்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை, நல்லதாயிற்று. நீ வர வேண்டாம். அத்தானின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. "இவளுக்கும் எடுங்க" என்று அவர் பிடிவாதமாக நின்றதால் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். என் எண்ணைப் பார்த்து டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தான் சொன்னார்: "ஜெபத்துல நீ உறங்கிருவ. பெறவு எந்திச்சு நேரா அடுக்களைக்குப் போவ. கண்ணு தொறந்துதான் இருக்கும், ஆனா என்னையக் காணமாட்ட. எழுப்புனா பயந்து விழுந்திருவியோன்னு பின்னாலயே வாறேன். கரண்டு வந்து பல்பு கண்ணுல அடிக்கப்பிடாதுன்னு அதையும் கழத்தி வச்சேன். சத்தமில்லாம நடக்க அந்த சி.டி.தான் படிப்பிச்சுது." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ நம்பவா போற?" என்றார். நம்பவில்லை. ஆனாலும் இன்று ஜெபத்தில் என் சேலைத் தலைப்பை நாற்காலிக் காலோடு கட்டிவைக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். எந்த முடிச்சைப் போடுவார், இருட்டில் எந்தப் பக்கம் இழுத்தால் அது அவிழும் என்று மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.