முட்டுக்கு ஒரு ஜெபம்

சாளை மீன் சின்னதாக இருக்கிறதென்று சுகுமாரி டீச்சர் குறை சொன்னார். "நாளைக்குப் பெருசாப் பாத்து வாங்குறேன்" என்றார் கணவர் ரெத்தினதாஸ். அந்த நாளை விடிந்தபோது அவர் இல்லை.

டீச்சருக்கு முழங்கால் பழுதாகிச் சில வருடங்கள். மீனுக்கும் பாலுக்கும் மருந்துக்கும் நடந்ததெல்லாம் ரெத்தினதாஸின் கால்கள். அடக்கம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான், வீட்டில் உருப்படியான கால் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது தெரிந்தது.

கொச்சியிலிருந்து மகன் சஜின் போனில் சொன்னான். "அம்மா, வீட்டப் பூட்டிட்டு இங்க வாங்க. மாடி உயரம்தான், ஆனா லிஃப்ட் உண்டு."

"நான் எங்கேயும் வரல்ல. இது எனக்க வீடு."

"நடக்க முடியாம தனியா எப்படி இருப்பிய?"

"ஆரு சொன்னா முடியாதுண்ணு? நான் டிரில் டீச்சராக்கும்."

"செரி. கிறிஸ்மஸுக்கு வாறேன். சர்ச் வரைக்கும் நடந்து போய், நடந்து திரும்பிக் காட்டுங்க. முடிஞ்சா இருங்க. முடியல்லேண்ணா அண்ணைக்கே பெட்டி கெட்டணும்."

டிரில் டீச்சர் வளர்த்த பிள்ளை. பரீட்சை வைக்காமல் விடமாட்டான்.

பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பிறர் பிள்ளைகளை ஓடவிட்டவர் டீச்சர். அவர் வீட்டு ரோட்டில் பாதிப்பேர் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள். கால் வலிக்கிறது என்று மரநிழலில் உட்கார்ந்த ஒரு பிள்ளையையும் அவர் நம்பியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு நாற்காலிதான் அவரை விடவில்லை.

இப்போது சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விடியற்காலையில் ரோட்டில் இறங்கினார். நாலு வீடு தாண்டுவதற்குள் சோமனின் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது.

"டீச்சரே, கேறுங்க."

"வேண்டாம். நான் நடக்கப் போறேன்."

"எங்க?"

"எங்கேயும் இல்ல."

எங்கேயும் இல்லாத இடத்துக்கு ஒரு மனுஷி நடந்து போவது சோமனுக்குப் பிடிபடவில்லை. ஆட்டோவை நடைவேகத்தில் கூடவே உருட்டினான். "ஆஸ்பத்திரியில ஆரு?"

"ஆரும் இல்ல. நீ போ மக்கா."

காப்பி குடிக்கும் முன்னே ஒரு விதவை ரோட்டில் நடந்தால், அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீச்சர் திரும்பி வந்தபோது கேட்டருகே மூன்று பேர் சட்டை மாட்டித் தயாராக நின்றார்கள். "அடக்கம் எத்தன மணிக்கு டீச்சரே?"

அடுத்த நாள் ஒரு யோசனை செய்தார். வேதப்புத்தகப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். பையோடு போனால் ஜெபத்துக்குப் போகிறார் என்று நினைப்பார்கள்; ஒருவரும் தடுக்கமாட்டார்கள்.

ஒருவரும் தடுக்கவில்லைதான். உள்ளே கூப்பிட்டார்கள்.

"டீச்சரே!" மூன்றாவது வீட்டு ஜீனா வாசலுக்கே ஓடிவந்து முழங்காலைத் தடவிக் காட்டினாள். "ஜெபத்துக்கா? எனக்க முட்டு ஒரே வேதனை. ஒண்ணு ஜெபிச்சிட்டுப் போங்க."

பையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி மறுப்பது? டீச்சர் உட்கார்ந்தார். ஜெபித்தார். சாயா வந்தது, நிறையச் சீனியோடு. ஏத்தங்காய் சிப்ஸ் வந்தது. நடை அங்கேயே முடிந்தது.

மறுநாள் ஜீனா முற்றத்தில் துள்ளிக்கொண்டு நின்றாள். "சுகமாயிட்டு டீச்சரே! ஒரு தும்பு வேதனை இல்ல!"

டீச்சர் அடக்கமாகத் தலையாட்டினார். அடக்கத்துக்கு உள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு வலி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அதற்கு அடுத்த நாள் எதிர்வீட்டு லிஜாவுக்கு. ஒரு வீட்டில் சுகமானால் இன்னொரு வீட்டில் புறப்படும், காய்ச்சல் மாதிரி. ஆயுள் முழுக்க ஒரு பிள்ளையின் வலியையும் நம்பாதவர், இப்போது ஒரு வலியையும் சந்தேகிக்கவில்லை.

நெற்றியில் சந்தனக்குறியோடு சோமனும் வந்தான். "நான் உங்க ஆளு இல்ல. பரவாயில்லியா டீச்சரே?"

"முட்டுக்கு ஜாதியும் மதமும் ஏதுலே? உக்காரு."

"இல்ல, பிரேக்கு மிதிக்கும்போதுதான் வேதனை. நிங்க பின்னால கேறி இருங்க. நான் மிதிக்க மிதிக்க ஜெபிச்சாத்தான் பிடிக்கும்."

டீச்சர் ஆட்டோவில் ஏறிக் கண்ணை மூடினார். உருக்கமான ஜெபம், அதனால் நீளமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண் திறந்தால் எதிரே அவர் வீட்டுக் கேட்.

"இங்க எப்படி வந்தோம்?"

"பிரேக்கு எல்லாம் மிதிச்சுப் பாத்தேன் டீச்சரே. ஒரு வேதனையும் இல்ல!"

ஊர் முழுக்கச் சுகமாகிக்கொண்டிருந்தது. ஒரு முழங்கால் மட்டும் வீங்கிக்கொண்டிருந்தது. முட்டுக்கு ஜெபிக்கிறவர் நொண்டக்கூடாது அல்லவா? ரோட்டில் யாராவது தெரிந்தால் டீச்சர் நிமிர்ந்து விறைப்பாக நடப்பார். ஆள் மறைந்ததும் மதிலைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் வலிக்கான குழம்புத் தைலம் தேய்ப்பார். அந்த வாசனை வெளியே தெரியாமலிருக்கச் சேலைக்கு பவுடர் போட்டுக்கொள்வார்.

சபைப் போதகர் வந்துவிட்டார்.

"டீச்சர் வேற சபைக்குப் போயிட்டாங்களாண்ணு கமிட்டியில கேக்குறாங்க. விடியக்காலம் வீடு வீடாப் போய் சுகமாக்குறது நம்ம வழக்கம் இல்லியே."

"ஐயோ, இல்ல. நான் உடற்பயிற்சிக்கு நடக்குறேன்."

"ஏன், உங்களுக்கு முட்டு வேதனையா?"

"எனக்கா? ஆரு சொன்னா?" டீச்சர் சட்டென்று எழுந்து நின்று காட்டினார். நட்சத்திரங்கள் தெரிந்தன. சிரித்துக்கொண்டே நின்றார்.

போதகர் அவர் காலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படிண்ணா ஒரு காரியம். எனக்கும் இடது முட்டு கொறச்சு... ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அறையில வந்து உக்காந்து ஜெபிப்பீங்களா?"

கிறிஸ்மஸுக்கு சஜின் வந்தான். காலையில் கேட்டைத் திறந்துவிட்டு, "நடங்கம்மா" என்றான்.

டீச்சர் நடந்தார். மகன் பக்கத்தில் வரும்போது மதிலைப் பிடிக்க முடியாது. மூன்றாவது வீட்டருகே கால் கெஞ்சியது. ஜீனா விளக்குமாற்றால் முற்றம் தூத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் போதும்.

"ஜீனா, உனக்க முட்டு இப்ப எப்படி உண்டு?" டீச்சர் ஆசையோடு கேட்டார்.

மகன் முன்னால் டீச்சரை உயர்த்திவிட நினைத்தாள் ஜீனா. "பூரண சுகம் டீச்சரே! சஜினே, உனக்க அம்மாவுக்க ஜெபமாக்கும்!"

"நல்லாப் பாத்துச் சொல்லு. கொறச்சுக்கூட இல்லியா?"

"இல்லவே இல்ல!"

லிஜாவும் ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்து அதையே சொன்னாள், அம்மிக்கல்லைத் தூக்கிக் காட்டாத குறையாக. டீச்சருக்கு வியர்த்தது. சர்ச்சின் சிலுவை இன்னும் தூரத்தில்தான் தெரிந்தது.

சஜினுக்கு விஷயம் வேறு விதமாகப் புரிந்தது. "அப்படிண்ணா நல்லதாப்போச்சு. எல்லாருக்கும் சுகமாயிட்டுல்லா? இனி அம்மாவுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. நாளைக்கே கொச்சிக்குப் போவலாம்."

"சர்ச் வரைக்கும்ணு சொன்னியேலே! நான் இன்னும் நடக்குறேன்!" என்று அடுத்த அடி வைத்தார். கால் மடங்கியது. விழவில்லை, வழியில் நின்றிருந்த ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டோவுக்குள் சோமன் இருந்தான்.

"சோமா," டீச்சரின் குரல் இறங்கியிருந்தது. விசில் ஊதிய தொண்டை போலவே இல்லை. "உனக்கு இன்னும் வேதனை உண்டுல்லா? கொறச்சாவது உண்டுல்லா? இவன்கிட்டச் சொல்லு. எனக்கு இங்க வேலை உண்டுண்ணு சொல்லு மக்கா."

சோமன் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். சஜினைப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினான்.

"சஜினே, எனக்கு முட்டு வேதனை இருந்ததே இல்ல. ஜீனாவுக்கும் இல்ல, லிஜாவுக்கும் இல்ல, போதகருக்கும் இல்ல. சும்மா உக்காருங்கண்ணு சொன்னா டீச்சர் உக்கார மாட்டாங்க, ஜெபிக்கணும்ணு சொன்னா உக்காருவாங்க. அதனால நாங்க முறை வச்சு நோவு எடுத்துக்கிட்டோம். இந்த ரோட்டில முட்டு வேதனை அண்ணைக்கும் இண்ணைக்கும் டீச்சருக்கு மட்டும்தானாக்கும்."