ஒரே ஒரு சப்பாத்தி

இயந்திரங்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. தாங்கள் இதுவரை செய்யாத வேலை எதுவானாலும் அது எளிதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். அந்த நோய் எனக்கு முற்றியிருந்த காலத்தில்தான் மாமியார் கீழே கிள்ளான் நகரிலிருந்து கேமரன் மலைக்கு வந்தார்.

நான் அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பொறியாளர். கணவர் குமரன் மலையிலேயே கம்போங் ராஜா என்ற ஊரில் ஆசிரியர். திருமணமாகி எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மகன் மலையில் இருப்பது அத்தைக்குப் பிடிக்கவில்லை. குளிர், மண்சரிவு, வயிற்றைக் கலக்கும் வளைவுகள், அப்புறம் சமைக்கத் தெரியாத மருமகள். (கடைசிக் காரணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. போனில் "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்கும் குரலிலேயே அது இருக்கும்.) இந்த முறை நேரில் பார்த்துவிட்டு, கீழே மாற்றல் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போவார் என்று குமரன் எச்சரித்திருந்தார். அம்மா சொல்லைத் தட்டுகிற பிள்ளை அவர் அல்ல. எனக்கோ அந்த வேலையை விட்டு இறங்க மனமில்லை.

அத்தைக்குச் சர்க்கரை, இரவில் சப்பாத்திதான். ஆக, என் வேலையும் வீடும் சப்பாத்தியின் மேல் நின்றன.

பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சப்பாத்திக் கட்டையும் பலகையும் வாங்கினேன். செய்ய வேண்டியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன்: பிசைவது, ஊறவைப்பது, தேய்ப்பது, சுடுவது. பார்த்ததுமே நிம்மதியாக இருந்தது. தேயிலையும் இப்படித்தானே? வாட்டுவோம், உருட்டுவோம், புளிக்கவிடுவோம், உலர்த்துவோம். ஒரு கட்டம் முழுதாக முடிந்த பிறகே அடுத்தது.

காரில் வந்த களைப்பில் அத்தை படுத்திருக்க, நான் தேய்க்க ஆரம்பித்தேன். தடிமன் ஒரே சீராக இருக்கவேண்டும் என்பதற்காக, பலகையின் இரு ஓரத்திலும் குமரனின் மர அடிக்கோல்களை வைத்து அவற்றின் மேல் கட்டையை ஓட்டினேன். வட்டத்துக்குச் சட்டி மூடியை அழுத்தி ஓரத்தை வெட்டினேன். அத்தனையும் ஒரே அச்சு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது எனக்கே பெருமை தாங்கவில்லை.

உருட்டிய இலையை நாங்கள் ஈரமும் குளிர்ச்சியுமான அறையில் விட்டுவைப்போம். ஆகவே (இந்த 'ஆகவே'யை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது) அடுக்கின்மேல் ஈரத்துணி போர்த்தி, ஜன்னலைத் திறந்து, பனி நன்றாக உள்ளே வரும்படி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்து துணியைத் தூக்கினேன். துணியோடு எல்லாச் சப்பாத்தியும் வந்தது.

குமரன் ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம் இழுத்தேன். நீண்டதே தவிரப் பிரியவில்லை. கத்தி உள்ளே போனது, வெளியே வரவில்லை. கூடத்தில் அத்தை எழுந்து, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடக் காத்திருந்தார்.

"அப்படியே கல்லுல போட்டுடலாம் லா," என்றார் குமரன் மெதுவாக.

படித்த இருவர் சேர்ந்து எடுத்த முடிவு அது. வெளியே கரியானது, உள்ளே பச்சை மாவு. புகையைப் பார்த்து அத்தை சமையலறைக்கு வந்தார்.

"என்னம்மா இது?"

"சப்பாத்தி, அத்தை."

"எத்தன சுட்டிருக்க?"

பொய் சொல்ல வழியில்லை. "இப்போதைக்கு ஒன்னு."

அவர் சப்பாத்திக் கட்டையை எடுத்து அந்தச் சப்பாத்தியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டுவது போலக் கேட்டது.

"நடுவுல மாவு தூவலயா?"

"காஞ்சுடும்னு ஈரத்துணி போட்டேன் அத்தை. பேக்டரில நாங்க..."

"அது தேயிலம்மா."

குமரன் பிரிஞ்சாங் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு ஓடிச் சப்பாத்தியும் பருப்பும் கட்டிக்கொண்டு வந்தார். அத்தை சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து மகனைப் பார்த்தார்.

"தம்பி, மாத்தலுக்கெல்லாம் எழுதிப் போடாத. கீழ நம்ம சொந்தம் தெருவுக்குத் தெரு இருக்கு. இவ அங்க வந்து ஒரு நாள் சப்பாத்தி சுட்டா நான் வெளிய தலகாட்ட முடியாது. இங்கயே இருங்க. பனில ஒருத்தனுக்கும் தெரியாது."

ஆகவே இன்றும் மலையில்தான் இருக்கிறோம். இப்போது ஒன்றைத் தேய்த்து உடனே கல்லில் போடுகிறேன். வட்டத்துக்குப் பதில் பகாங் மாநில வரைபடம் வருகிறது. குமரன் யாரிடமோ உளறியதால் விஷயம் தொழிற்சாலைக்கும் போய்விட்டது. உருட்டிய இலை கட்டிகட்டியாகத் திரண்டால், "மேடம், சப்பாத்தி வந்துருச்சு, வாங்க" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அத்தை வரும்போதெல்லாம் எத்தனை போடட்டும் என்று நான் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. அவர் முகத்தை மாற்றாமல் சொல்கிற பதிலும் மாறுவதில்லை.

"ஒன்னு போதும்மா. மொத்த வீட்டுக்கும் வரும்."