சிப்புக்கு வேர்க்கக்கூடாது

இந்தச் சித்திரையில் ஏசி போடாமல் விடுவதில்லை என்று தில்லைநாதன் முடிவெடுத்துவிட்டார். சீவன் போனாலும் சரி. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் இருக்கிறதே, காற்று வராதா என்று கேட்பவர்கள் அவருடைய ஃப்ளாட்டில் ஒரு மத்தியானம் வந்து இருந்து பார்க்கவேண்டும். கடலுக்கும் அவருக்கும் நடுவில் நாலு தொடர்மாடிகள். காற்று முழுக்க அங்கே இருப்பவர்களுக்கு. மிச்சம் ஏதும் இருந்தால் காகங்களுக்கு. தில்லைநாதனுக்கு வெறும் புழுக்கம்தான்.

ஏசி இல்லாத வீடா? படுக்கையறைச் சுவரில் பளபளவென்று இருக்கிறதே! மனைவி சரோஜினிதேவியின் அண்ணா கனடாவிலிருந்து வந்தபோது, "இந்த வெக்கையில மனிசர் படுப்பினமே?" என்று கேட்டுப் பூட்டுவித்தது. கரண்ட் பில்லுக்குக் காசு அனுப்புவதும் அவர்தான். அண்ணா வந்தால் ஏசி ஓடும். அண்ணா பிளேன் ஏறினால் ரிமோட் அலுமாரிக்குள் போய், பொலித்தீன் உறையோடு கூறைச் சேலைக்குப் பக்கத்தில் படுத்துவிடும். நேரே கேட்டுப் பார்க்காமலும் இல்லை.

"சரோ, கொஞ்ச நேரம் போடுவமே?"

"ஏன், ஆர் வருகினம்?"

அவ்வளவுதான். அந்த வீட்டில் தில்லைநாதன் விருந்தாளி இல்லை, புருசன்.

வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவருக்குப் பிடித்த பைத்தியம் எலக்ட்ரோனிக்ஸ். யூரியூப் பார்த்து, புறக்கோட்டையில் சாமான் வாங்கி, ஒரு பெட்டி செய்திருந்தார். உள்ளே நகத்தளவில் ஒரு மைக்ரோகொன்ரோலர் சிப். பல்கனியில் சரோவின் ஓர்க்கிட் சாடிகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது அதன் உத்தியோகம். பெட்டியின் முகப்பில் சிப்பின் சூட்டைக் காட்டும் இலக்கம் எரியும். அந்த ஓர்க்கிட்டுகளில் சரோவுக்கு உயிர். புருசனுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை, ஓர்க்கிட் இலை மஞ்சளானால் வீடே ஆஸ்பத்திரி. மனிசன் கைவைத்தது அங்கேதான்.

பெட்டியின் அடியில் ஒரு குட்டிச் சுவிட்ச் பூட்டினார். கீழே தட்டினால் சிப் ஆறுதலாக ஓடும். மேலே தட்டினால் தலைதெறிக்க ஓடும், அத்தோடு ஒருவருக்கும் பிரயோசனமில்லாத பெருக்கல் கணக்கொன்றைத் திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருக்கும். மேலே தட்டினார். முகத்தை இழவு வீட்டுக்குப் போகிறமாதிரி வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"சரோ, இது கனநாள் இராது போல கிடக்கு."

"என்னப்பா சொல்லுறியள்?"

"பாருமன், எழுபத்தொண்டு! பத்து டிகிரி ஏற ஏற சிப்பின்ர ஆயுள் பாதி பாதியாக் குறையும்."

"ஐயோ, அப்ப என்ர ஓர்க்கிட்?"

"சிப் போனா ஓர்க்கிட்டும் போச்சு."

பாதியாகக் குறைந்தாலும் அந்தச் சிப் இன்னும் பல வருசம் ஓடும். அதை அவர் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல!

"ஏன் உது இப்பிடிக் கொதிக்குது?"

"வேகமப்பா. விநாடிக்கு இருபத்துநாலு கோடித் துடிப்பு. துடிக்கத் துடிக்கச் சூடு."

சரோ இடுப்பில் கையை வைத்தார். "நாளைக்கு ரெண்டு தரம் தண்ணி விடுறதுக்கு விநாடிக்கு இருபத்துநாலு கோடி தரம் துடிக்கோணுமே? ஆறுதலா ஓடச் சொல்லுங்கோவன்."

முப்பது வருசம் மனேஜர்மாரைச் சமாளித்த தில்லைநாதன், இப்படி ஒரு கேள்வி வருமென்று எதிர்பார்க்கவேயில்லை.

"அது... அது அதின்ர பிறவிக் குணம், சரோ. மாத்தேலாது."

"அப்ப?"

"குளிரான இடத்தில வைக்கோணும். பெட்ரூமில... ஏசியைப் போட்டு..."

சரோ பெட்டியைப் பார்த்தார். புருசனைப் பார்த்தார். பிறகு திறப்பை எடுத்து அலுமாரிப் பூட்டைத் திறந்தார்.

"சரி, போடுவம். ஆனா அண்ணா கேட்டா நீங்கள்தான் சொல்லோணும், சிப்புக்குத்தான் போட்டதெண்டு."

அடடா, சொர்க்கம்! பெட்டி கட்டிலுக்குப் பக்கத்து மேசைக்கு வந்தது. தண்ணீர்க் குழாயை ஜன்னல் இடுக்கு வழியாகப் பல்கனிக்கு விட்டார்கள். தில்லைநாதன் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கழுத்துவரை போர்த்துக்கொண்டு படுத்தார். ஊர் முழுக்க வேர்த்துக்கொண்டிருக்க, மனிசனுக்குக் குளிரில் பல் கிட்டியது. அப்படியொரு சந்தோசம் அவருக்குக் கலியாண வீட்டன்றுகூட வந்ததில்லை.

ஒரு வேலை மட்டும் தவறாமல் செய்தார். அறைக்குள் வந்தால் சுவிட்சை மேலே தட்டுவார். இலக்கம் ஏறினால்தானே ஏசிக்கு நியாயம்? வெளியே போகும்போது கீழே தட்டிவிடுவார். தான் பெற்ற பிள்ளைமாதிரி ஒரு சிப், அதைச் சும்மா போட்டு வாட்ட அவருக்கு மனம் வரவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன் ஒருநாள், தலையணையோடு அறைக்குள் போனவர் திகைத்து நின்றார். கட்டிலில் சரோ. பக்கத்தில் எதிர் ஃப்ளாட் சுபோதினி. நடுவில் முறுக்குத் தட்டம்.

"அதில நில்லுங்கோ. கிட்ட வராதேங்கோ!" என்றார் சரோ.

"ஏன்?"

"நானும் கவனிச்சுக்கொண்டுதான் வாறன். நீங்கள் உள்ளுக்கு வந்தா இலக்கம் ஏறுது. வெளியில போனா இறங்குது. ஒவ்வொரு நாளும்!"

"அதெப்பிடி, என்னாலயே?"

"பின்னே? நாங்கள் ரெண்டுபேர் இருக்கிறம், முப்பத்துநாலிலயே நிக்குது. நீங்கள் வந்தா அம்பதுக்கு மேல. உங்கட உடம்புதான் சூட்டு உடம்பு."

"அங்கிள், எதுக்கும் உடம்பை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார் சுபோதினி, முறுக்கைக் கடித்தபடி.

தில்லைநாதன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சுவிட்சைப் பற்றிச் சொன்னால் குட்டு வெளிப்படும். ஒன்றும் சொல்லாமல் நின்றால் இலக்கம் ஏறாது, சிப்புக்குச் சூடே இல்லை என்று ரிமோட் அலுமாரிக்குப் போய்விடும். ஓடிப்போய்த் தட்டுவோமென்றால் நாலு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. தான் பின்னிய வலையில் தானே விழுந்த மனிசன், தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானாகவே வெளியே நடந்தார்.

"கதவைச் சாத்துங்கோ. சிப் பாவம்!"

பல்கனியில் கதிரையைப் போட்டு, பெனியனைக் கழற்றிப் பிழிந்தார். வெயில் கொளுத்தியது. குழாய் வரும் ஜன்னல் இடுக்கால் ஒரு நூல் குளிர் கசிந்தது. அதில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டார். போகட்டும், சுவிட்ச் விசயம் மனிசிக்குத் தெரியாது, நாளைக்கு வேறு வழி பார்க்கலாம் என்று மனதைத் தேற்றினார். அப்போது உள்ளேயிருந்து சுபோதினியின் குரல் கேட்டது.

"சரோ அக்கா, பெட்டிக்கு அடியில என்ன பிளாஸ்டர் ஒட்டியிருக்கு?"

"அதொரு சுவிட்ச். கீழ தட்டி ஒட்டிப்போட்டன். இனி உதை வெயிலில கொண்டுபோய் வைச்சாலும் பெரிசாச் சுடாது."

"அப்ப ஏசி?"

"அது எனக்கடி! எத்தினை வருசமாப் புழுங்கிச் செத்தனான். அண்ணாவுக்குச் சொல்ல ஒரு சாட்டுத்தான் கிடைக்கேல்லை. நல்லகாலம், இவர் கண்டுபிடிச்சுத் தந்தார்."

தில்லைநாதன் இடுக்கோடு இன்னும் நெருங்கினார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதில் பழந்துணியைத் திணித்தது.

"இஞ்சேருங்கோ, இதால குளிர் வெளியில போகுது. சும்மாதானே இருக்கிறியள், ஓர்க்கிட்டுக்குக் கொஞ்சம் தண்ணி விடுங்கோ."