ட்ரையல் மேஸ்திரியின் எஞ்சின் பிளாக்

நான் நீடாமங்கலத்தில் குடியிருந்த நாட்களில், வீட்டுப் பொருள் ஏதாவது பழுதானால் இரண்டே வழிதான். புதிதாக வாங்கலாம், அல்லது ட்ரையல் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, அது நம்முடையது என்பதை மறந்துவிடலாம். அவரைவிட நல்ல மெக்கானிக் இந்த உலகத்தில் கிடையாது. அவரைவிடத் தாமதமான மெக்கானிக்கும் கிடையாது.

வேலை என்னவோ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். "ஒரு ட்ரையல் பாத்துட்டுத் தர்றேங்க" என்பார். வினையே அங்கேதான். குடையைச் சரிசெய்தால் மழை வரும்வரை தரமாட்டார். மிக்ஸியைச் சரிசெய்தால் ஒரு வாரத்துக்கு அவர் வீட்டில் மூன்று வேளையும் சட்னி. மாதா கோயில் மைக் செட்டைச் சரிசெய்துவிட்டு, அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு பூசையில் தானே போய் வாசகம் வாசித்தார். மைக் பழுதாகவே இருந்திருக்கலாம் என்று ஃபாதர் வருத்தப்பட்டதாகக் கேள்வி. என் மேசை விசிறி ஒரு கோடை முழுக்க அவருக்குத்தான் வீசியது. இனி இந்த ஆளிடம் ஓர் ஆணியைக்கூடக் கொடுப்பதில்லை என்று அப்போதுதான் சபதம் எடுத்தேன்.

அவர் பட்டறை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கேட் போட்டுவிட்டால் வேடிக்கை பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு நாள், பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் எஞ்சின் பிளாக்கை, அதாவது எஞ்சினின் வெற்று இரும்பு உடம்பை, கொண்டுவந்து இறக்கினார். வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த வெளிநாட்டுக் காருடையது. சூடு தணிக்க உள்ளே தண்ணீர் ஓடுகிற சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மேஸ்திரி விரிசல் நெடுகத் துளை போட்டு, மரை வெட்டிய ஆணிகளை ஒன்றையொன்று கவ்வும்படி முறுக்கி, இரும்புக்கே தையல் போட்டார்.

தஞ்சாவூரில் எஞ்சின் வேலை செய்கிற இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். "இது சூடு தாங்காதுங்க. கண்ணாடி மேசைக்குக் காலா வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மேஸ்திரிக்கு ஒரே வைராக்கியம். அந்த பிளாக் மறுபடி ஒரு காருக்குள் உட்கார்ந்து ரோட்டில் ஓடியாக வேண்டும்.

இணையத்தில் விற்பனை விளம்பரம் எழுத என்னைக் கூப்பிட்டார். பத்திரிகையில் எழுதுகிறவன் ஆயிற்றே. நான் 'புதிது போன்றது' என்று ஆரம்பித்தேன்.

"பொய் எழுதாதீங்க. வெடிச்சது, தெச்சிருக்குன்னு மொத வரியிலயே போடுங்க. போட்டோவுல தையல் நல்லாத் தெரியணும்."

அப்படியே போட்டோம். ஒரு மாதம் ஒரு ஈ காக்கை கூப்பிடவில்லை. ஆனி மாதம் பிறந்ததும் மயிலாடுதுறையிலிருந்து பிரபு என்ற இளைஞர் பேசினார். பழைய கார் ஒன்றை வேக வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தாராம். பானெட்டைத் திறந்தால் உள்ளே காலி. "குறையச் சொல்லி விக்கிற ஆள இப்பதாங்க பாக்குறேன். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குறேன்" என்றார்.

இடையில் வியாழக்கிழமை என்று ஒன்று வந்தது. பட்டறைக்குப் பின்னால் குத்தகைக்கு நிலம் எடுத்துக் குறுவை நெல் நட்டிருந்த ஸ்டெல்லா வந்து நின்றார்.

"மோட்டாரு காயிலு எரிஞ்சுபோச்சு மேஸ்திரி. கட்டித்தர பத்து நாளாவுமாம். வாய்க்கால்லயும் தண்ணி வந்து சேரல. நட்டு நாலு நாளாவுது, இன்னும் ரெண்டு நாள் போனா பயிரு கருகிரும்."

மேஸ்திரி பிளாக்கைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பிரபு வருவதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"இதவிட நல்ல ட்ரையல் கெடைக்காதுங்க" என்றார்.

அதற்கென்று சேர்த்து வைத்திருந்த பிஸ்டன் முதலான பாகங்களையெல்லாம் பூட்டி, மறுநாளே எஞ்சினை வயலுக்குக் கொண்டுபோய் ஸ்டெல்லாவின் பம்போடு கோத்துவிட்டார். இறைத்த தண்ணீரில் ஒரு பங்கு, தையல் போட்ட சுவர் வழியாக ஓடி எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு, அதன் பிறகு பயிருக்குப் போனது. அது உறுமிய உறுமலில் எங்கள் ஊர்க் கொக்குகள் திருவாரூரைப் பார்க்கப் பறந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை பிரபு வந்தார். வரப்பில் நின்று, பந்தய எஞ்சின் குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சும் அழகைப் பார்த்தார்.

"என்னங்க இது, என் பிளாக்க வயல்ல எறக்கிட்டீங்க?"

"இன்னும் உங்களுது ஆவலைங்க. ட்ரையல்ல இருக்கு. மோட்டாரு வர்ற வரைக்கும் எடுக்க முடியாது."

"இன்னைக்குக் குடுக்கலன்னா நான் வேற எடம் பாத்துக்குவேன்."

"பாத்துக்குங்க. எனக்கும் இத விக்கணும்னுதான் ஆச. அதுக்காக நட்ட பயிரக் காயவுட முடியுங்களா?"

ஒரு மாதம் காத்திருந்து கிடைத்த ஒரே ஆள். நான் மேஸ்திரியின் கையைக் கிள்ளினேன். அவர் அசையவில்லை. எஞ்சினை ஒரு நிமிடம் நிறுத்தி, ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பிரபுவிடம் நீட்டினார். "தையல் விட்டிருந்தா தண்ணி கலந்து, ஆயிலு காப்பி கலருக்கு மாறியிருக்கும். ரெண்டு நாளா ஓடுது. நீங்களே பாருங்க."

ஆயில் சுத்தமாக இருந்தது. பிரபு கம்பியைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், ஷூவைக் கழற்றினார். சாயங்காலம் வரை ஸ்டெல்லாவோடு சேர்ந்து மடை திறந்து மடை அடைத்தார். கிளம்பும்போது, "தெனம் போட்டோ அனுப்புங்க" என்றார். எஞ்சினையா, பயிரையா என்று கேட்டேன். "ரெண்டையுந்தான்" என்றார்.

மோட்டார் வந்தபோது பயிர் பச்சை பிடித்திருந்தது. பிளாக் மயிலாடுதுறைக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து, கேட் போட்டிருந்த நேரத்தில், வரிசையில் ஒரு சிவப்புக் கார் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பிரபு. மேஸ்திரி எஞ்சினை அணைக்கச் சொல்லி, பானெட்டைத் திறந்து, கம்பியை உருவிப் பார்த்துத் துடைத்துச் செருகினார்.

"சரிங்க. இப்ப உங்களுது."

கேட் திறந்தது. கார் பறந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பார்க்க முடியவில்லை. பிளாக் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு மேஸ்திரி சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் ட்ரையல் பார்க்க ஒரு குடைகூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய், ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியை நிறுத்தித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"என்னமோ சத்தம் வருது மேஸ்திரி."

போட்டுப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தானேங்க ஓடுது. இருந்தாலும் ஒரு ட்ரையல் பாத்துட்டுத் தர்றேன்" என்று தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

நான் மாற்றலாகித் தஞ்சாவூருக்கு வந்துவிட்டேன். இன்றும் அவரிடம் பேசும்போதெல்லாம் விசிறி ட்ரையலில் இருப்பதாகத்தான் சொல்கிறார். இருக்கட்டும் மேஸ்திரி, அவசரமில்லை என்கிறேன்.